பதினேழு சதம் குறைவு

மதிப்பீட்டை எழுதியவள் நான்தான்.
புளியந்தோப்பில் ஒரு குறுக்குத் தெரு,
மழைநீர் வடிகால், நானூற்றுப் பத்து மீட்டர்.
சிமெண்டுக்கு, கம்பிக்கு, ஜல்லிக்கு,
மண் அள்ளிப் போகும் லாரிக்கு
என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.
மஸ்தூர், முதல் வகுப்பு: இவ்வளவு.
மஸ்தூர், இரண்டாம் வகுப்பு: இவ்வளவு.
விலைப்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு
பைசா பிசகாமல் எழுதினேன்.

ஒப்பந்தப்புள்ளி பிரித்தபோது
ஐந்தில் ஆகக் குறைந்தது
மதிப்பீட்டைவிடப் பதினேழு சதம் குறைவு.
"நல்ல லாபம்மா நமக்கு" என்றார் செயற்பொறியாளர்.
டீயோடு அன்று சமோசாவும் வந்தது.

பேசின் பாலத்தில் பஸ் நகராமல் நின்ற நேரம்
மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்.
சிமெண்டுக் கம்பெனி குறைக்காது.
கம்பி குறைந்தால் நானே பிடித்துவிடுவேன்.
டீசல் பங்க்கில் பேரம் கிடையாது.
கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுப்பது,
அது எந்தக் காலத்தில் குறைந்தது?
மிச்சம் ஒரே ஒரு வரி.
அதற்கும் வாய் உண்டு,
ஆனால் அது தெலுங்கு பேசும்.

ஐப்பசிக்குள் மூடியாக வேண்டும் என்றார்கள்.
ஆறடிப் பள்ளத்தில் சாக்கடை ஊற்றெடுக்க
மோட்டார் இரவும் பகலும் இருமிக்கொண்டிருந்தது.
டேப்பின் மறுமுனையைப் போலம்மா பிடிப்பாள்,
ஸ்ரீகாகுளம் பக்கம் ஊர்,
முழங்கால்வரை கறுப்புத் தண்ணீர்.
மேலே காய்ந்த மண்ணில் நின்றபடி
'ஆழம் ஒன்று புள்ளி எட்டு'
என்று அளவுப் புத்தகத்தில் எழுதுவேன்.

தெருமுனையில் விதிப்படி ஒரு பலகை.
வேலையின் பெயர், தொகை, முடியும் தேதி,
அடியில் நாள் கூலி.
கூலியின் மேல் யாரோ
கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள்:
தேசப்பன், பெரிய மீசை, இரு பக்கமும் குத்துவிளக்கு.
"செத்தவன் போஸ்டரைக் கிழிக்காதீங்க மேடம்,
ஏரியா ஆளுங்க சண்டைக்கு வருவாங்க"
என்றான் மேஸ்திரி தணிகாசலம்.
தண்ணீர் தெளித்து ஸ்கேலால் சுரண்டினேன்.
மீசைக்குப் பின்னாலிருந்து
மெல்ல மெல்ல ஒரு எண் வந்தது.

ஏணியில் ஏறி வந்து பார்த்தாள் போலம்மா.
எழுத்து தெரியாது. எண் தெரியும்.
"இதி எவரிகி?"
"உனக்குத்தான்."
அவள் சிரிக்கவில்லை.
பள்ளத்துக்குள் நின்ற புருஷனை,
சிம்மாசலத்தை, ஒரு முறை பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"ஜோடிக்கா, மேடம்?"

ஒரு ஆளுக்கு.
ஒரு ஆளுக்கு என்று சொல்ல
எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது.

பட்டியலோடு மஸ்டர் ரோல் வந்தது.
முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு கைநாட்டு,
எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்த கட்டைவிரல்.
'கூலி வழங்கியதற்கு ஆதாரம் இணைக்கவும்'
என்று எழுதி மேலே அனுப்பினேன்.
பச்சை மையில் ஒரே சொல்லோடு திரும்பியது:
'பேசவும்.'

பேசினோம்.
மழை வருகிறது என்று அவர் சொன்னார்.
அதுவும் உண்மைதான்.

அடுத்த சனிக்கிழமை
ஜோடிக்கு நூறு ரூபாய் கூடியது.
அதற்கடுத்த சனிக்கிழமை அந்த ஜோடியே இல்லை.
சோழிங்கநல்லூரில் தனியார் வேலையாம்,
அங்கே பலகை எதுவும் கிடையாதாம்.

கார்த்திகையில் அந்தத் தெருவில்
தண்ணீர் நிற்கவில்லை.
யாருக்கோ நன்றி சொல்லி பேனர் வைத்தார்கள்.
நானும் ஒரு நிமிஷம் நின்று
வடிகால் மூடிக்கு அடியில் ஓடும் சத்தத்தைக் கேட்டேன்.
நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

நேற்று அடுத்த மதிப்பீடு, பட்டாளம் பக்கம்.
மஸ்தூர், இரண்டாம் வகுப்பு: இவ்வளவு.
பக்கத்தில் 'ஒரு ஆளுக்கு' என்று சேர்த்தேன்.
"இது எதுக்கு மேடம்,
எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"
டைப் அடிக்கும் குமுதவல்லி கேட்டாள்.

இருக்கட்டும், அடி என்றேன்.